ஒன்பதாம் பக்கம்

தாள்கட்டை மேசைமேல் நிறுத்தி நாலு பக்கமும் தட்டுவார். நீளவாக்கில் இரண்டு தட்டு, அகலவாக்கில் இரண்டு தட்டு. ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை வருடிப் பார்ப்பார். ஒரு தாள்கூடத் துருத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்டேப்ளரைத் தொடுவார். அதை விரலால் அழுத்துவது அவருக்குப் பிடிக்காது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே குத்து. டக். "ஓனமட்டோப்பியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டை நீட்டுவார். வாங்குகிற பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். ஓசையையே சொல்லாக்கினால் அதற்கு ஆங்கில இலக்கணத்தில் அதுதான் பெயர். பெயர் உள்ள ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

கல்லூரியின் பக்கவாசலுக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் அடியில் அடங்கிய நகல் கடை அது. உள்ளே போகப் போகக் கூரை சரிந்துகொண்டே போகும். கடைசியில் தாள்ரீம்கள் அடுக்கிய இடத்துக்கு அவரே தவழ்ந்துதான் போவார். இரண்டு இயந்திரம், ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி. விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார், தாள் பறக்கும் என்று. சட்டைப்பையில் நாலு பேனா. வெள்ளைச் சட்டை போட மாட்டார், மைத்தூள் ஒட்டும். வயது ஐம்பத்து நாலு. பிள்ளைகள் வைத்த பெயர் மெட்டஃபர் அண்ணன், அதாவது உருவக அண்ணன்.

பெயர் வந்த கதை எளிது. யார் எதைப் பேசினாலும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். "அண்ணா, லேட்டானா எங்க மேடம் என்னைக் கொன்னே போட்டுருவாங்க" என்று ஒருத்தி மூச்சிரைக்க வந்தால், "மிகைப்படுத்தினா ஹைபர்போலி. வரிசைல நில்லும்மா" என்பார். இயந்திரம் பழுதுபார்க்க வருகிறவர், மெஷின் கொஞ்சம் களைச்சுப் போயிருக்கு என்று சொன்னால், "மிஷினுக்கு உசிரு குடுத்துட்டாரு. பர்சானிஃபிகேஷன்." பக்கத்துக் கடைத் தையல்காரர் தன் மாமா நேற்று போய்ச்சேர்ந்துவிட்டதாகச் சொன்னபோதுகூட, சாவை இதமாகச் சொல்வதற்கு உள்ள யூஃபமிசம் என்ற பெயர் வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுத்தான் துக்கம் விசாரித்தார். "ஒரிஜினல் ஜெராக்ஸ் ஒண்ணு வேணும்" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்திருக்கும். அசலும் நகலும் ஒரே மூச்சில். முரணை முரணோடு கட்டிப்போட்ட ஆக்ஸிமோரான், அதுவும் கேட்காமலே கடைவாசலுக்கு வருகிறது.

வீட்டில் எப்படி என்று கேட்டால், "வீட்ல பூரா ஐரனிதான்" என்பார். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவர் ஒரு தம்ளரைக் கழுவி வைத்தால், "அடேயப்பா, வீட்டு வேலை மொத்தமும் முடிஞ்சுது" என்று தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள். சொல் ஒன்று, பொருள் அதற்கு நேர் எதிர்.

இவ்வளவு பெயரும் அவருக்கு ஒரே இடத்திலிருந்து வந்தவை. பதினாலு பக்கம் கொண்ட ஒரு கையெழுத்து நோட்ஸ். ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்குத் தேவையான அலங்காரச் சொற்கள் அறுபத்து நாலு, வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், ஒரு உதாரணம். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கல்லூரியில் ஆங்கிலப் பரீட்சை எழுதியவர்களில் பாதிப்பேர் அதை வைத்துத்தான் தேறியிருப்பார்கள். இதைப் படிக்கிற நீங்களே அவர்களில் ஒருவராக இருக்கலாம். அப்படியானால் அந்தக் கையெழுத்து உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த, ஓடுகிற எழுத்து. ஆங்கிலச் சிறிய ‘ஐ’க்கு மேலே புள்ளிக்குப் பதில் ஒரு குட்டி வட்டம். ‘ஜி’யின் வால் அடுத்த வரியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். ஒரு காலத்தில் கல்லூரிப் பெண்கள் எல்லாரும் அந்த வட்டத்தையே போடப் பழகிக்கொண்டார்கள். விடைத்தாள் திருத்தப் போன ஆசிரியர் ஒருவர், வட்டப்புள்ளியைப் பார்த்தே இது எந்தக் கல்லூரிக் கட்டு என்று சொல்லிவிட முடிகிறது என்று கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாராம். அந்தப் பேச்சை அண்ணன் இன்றைக்கும் பரிசு வாங்கிய பிள்ளையின் முகத்தோடு சொல்வார்.

எழுதியது அவருடைய அக்கா.

அப்பா தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். வீட்டில் படிக்கிற மேசை ஒன்றுதான். அதன் ஒரு பக்கம் அக்கா, எதிர்ப்பக்கம் இவர். விளக்கை யார் பக்கம் நகர்த்துவது என்பதுதான் அவர்களுக்குள் நடந்த ஒரே சண்டை. அக்கா இரண்டு வயது மூத்தவள், ஆங்கில இலக்கியம் படித்து முதல் வகுப்பில் தேறியவள். இவர் சுமார்தான். மூன்றாம் வருஷம், கடைசிப் பரீட்சைக்கு முந்தைய மாதம், இவருக்கு ஆங்கிலத் தாள்தான் பயம் என்று தெரிந்து, அக்கா தன் புத்தகங்களையெல்லாம் பார்த்து இந்தப் பதினாலு பக்கத்தை எழுதிக் கொடுத்தாள். தேறிவிட்டால் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் தயாராக இருந்தது. இவர் அறுபத்து நாலையும் மனப்பாடம் செய்தார். குளிக்கும்போது, சாப்பிடும்போது, பேருந்துக்கு நிற்கும்போது. அம்மா, பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தாள்.

இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது.

பயிற்சிக்கான இடம் கைநழுவியது. அதே வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். அக்காவுக்கு ரயிலில் பதினோரு மணி நேரம் போகவேண்டிய ஓர் ஊரில் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. அங்கேயே கல்யாணமும் ஆனது. அடுத்த பரீட்சை வரும்வரை என்று சொல்லி இவர் இந்த நகல் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி, அதைக்கூட ஒரு நகல் எடுத்து வைத்தார். அனுப்பவில்லை. அதற்கடுத்த பரீட்சைக்கும் அனுப்பவில்லை. யார் கேட்டாலும் நேரமில்லை என்பார். உள்ளே இருந்த காரணம் வேறு. அக்கா எழுதிக் கொடுத்தும் தேறாதவன், வேறு எதைப் படித்துத் தேறப்போகிறான். தனக்குத் தலையில் சரக்கு இல்லை என்று இருபத்திரண்டு வயதில் முடிவு கட்டினார். முடிவு கட்டியபின் மனசு லேசாகிவிட்டது. கடைக்காரருக்கு வயதானபோது கடையை எடுத்துக்கொண்டார்.

நோட்ஸ் வியாபாரம் தற்செயலாகத் தொடங்கியது. சேர்ந்த முதல் மாதம் ஒரு பெண் பரீட்சைக்கு முந்தின நாள் கடைவாசலில் நின்று அழுதாள். அவளுடைய நோட்டு பேருந்தில் தொலைந்துபோனதாம். பையிலிருந்து அக்காவின் பதினாலு பக்கத்தை எடுத்து ஒரு நகல் போட்டுக் கொடுத்தார். மறுநாள் அவளுடைய தோழிகள் ஏழு பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் வரிசை தெருவுக்கு வந்தது. அந்த முதல் பெண்ணின் மகள் போன வருஷம் வந்து அதே நோட்ஸ் வாங்கிப் போனாள். இப்படி வருகிறவர்களைச் சொல்லத் தொடங்கினால் அவருக்கு நேரம் போவது தெரியாது. குடையை மறந்துவிட்டுப் போய் எட்டு வருஷம் கழித்து வந்து கேட்ட பையன். வரிசையில் முன்னும் பின்னும் நின்று பழகி, கல்யாணப் பத்திரிகையை இவரிடமே நகலெடுக்க வந்த ஜோடி. பரீட்சை முடிந்த அன்று, நோட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லிப் போனவள். அவள் இன்று வேறொரு நாட்டில் அதையே பாடம் நடத்துகிறாளாம்.

அக்கா மாதம் ஒரு தடவை தொலைபேசியில் பேசுவாள். முழங்கால் வலி, பள்ளிக்கூடத்து வம்பு, மழை. எல்லாம் முடிந்து வைக்கப்போகும்போது, "அந்த நோட்ஸ் இன்னும் போவுதாடா?" என்று கேட்பாள். "பறக்குதுக்கா" என்பார் இவர். சரி வைக்கிறேன் என்று அவள் அவசரமாக முடித்துவிடுவாள். பெருமையை வெளிக்காட்டக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். ஓரிரு தடவை, அதெல்லாம் பழைய சங்கதி, இப்போது நல்ல நல்ல புத்தகம் வந்திருக்கும், அதைப் போட்டுக் கொடேன் என்று சொல்லிப் பார்த்தாள். அக்காவுக்குத் தன்னடக்கம் என்று மனைவியிடம் சொன்னார்.

இந்த வருஷப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கல்லூரிக்குப் புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். சின்ன வயது. பிள்ளைகள் போகட்டும் என்று ஓரமாகக் காத்திருந்துவிட்டு, மெதுவாகப் பேச்சை எடுத்தார். மாதிரிப் பரீட்சையில் நாற்பத்தொரு பேர் ஒரே கேள்விக்கு ஒரே தப்பை எழுதியிருக்கிறார்கள், ஒரு எழுத்து மாறாமல். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் இந்தக் கடையைக் காட்டுகிறார்கள்.

ஒன்பதாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மெட்டானமி, சினெக்டக்கி என்று இரண்டு சொல் அதில். இரண்டும் நம் பள்ளிக்கூடத்து ஆகுபெயர்க் குடும்பம்தான். ஒன்றைச் சொல்ல, அதோடு ஒட்டிய இன்னொன்றின் பெயரைச் சொன்னால் மெட்டானமி. அரசனைக் கிரீடம் என்பது போல. முழு ஆளையும் சொல்ல, அவன் உறுப்பு ஒன்றை மட்டும் சொன்னால் சினெக்டக்கி. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதை நாலு கை வேண்டும் என்பது போல. அக்காவின் பக்கத்தில் விளக்கமும் உதாரணமும் ஒழுங்காக இருந்தன. தலைப்பில் பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கு முன்னாலும் இரண்டு மூன்று பிள்ளைகள் வந்து சொன்னதுண்டு. எழுதியது யார் தெரியுமா, முதல் வகுப்பு என்று அதட்டி அனுப்பியிருக்கிறார். இந்த ஆசிரியையிடமும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

"கிரீடம் ராஜாவோட உடம்புல சேர்த்தி இல்லையே அண்ணா" என்றார் அவர். "தூங்கும்போது கழட்டி வெச்சிடலாம். கையைக் கழட்டி வைக்க முடியுமா?"

அண்ணன் தன் கையைப் பார்த்தார்.

மதியம் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு, முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கவாசல் வழியாகக் கல்லூரிக்குள் போனார். நூலகர் அவருக்குத் தெரிந்தவர்தான், வாரம் ஒரு தடவை கடைக்கு வருகிறவர். அகராதி, கலைக்களஞ்சியம், பாடப்புத்தகம் என்று மூன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்றும் ஆசிரியை சொன்னதையே சொல்லின. நாலாவதாக ஒன்று கேட்டார். அதுவும் அதையே சொன்னது.

அந்த நீள மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பழைய வினாத்தாள் கண்முன் வந்தது. ஏழாவது கேள்வி. மெட்டானமி, சினெக்டக்கி, வேறுபடுத்தி உதாரணம் தருக. ஐந்து மதிப்பெண். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷத்தில் பேனாவை மாற்றி, நல்ல பேனாவில் எழுதியது ஞாபகம் வந்தது. அடிக்கோடுகூடப் போட்டிருந்தார். ஐந்தில் ஒன்றும் தந்திருக்க மாட்டார்கள். தவறிப்போனது இரண்டு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தைப்பதை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டாள். அன்று ஐரனி ஏதும் வரவில்லை. அக்காவுக்குச் சொல்லிடுங்க என்றாள். இவருக்கு அதுதான் முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் பறக்குதுக்கா என்று சொல்லிவிட்டு, இப்போது நீ எழுதியது தப்பு என்று எப்படிச் சொல்வது. அந்த வயதில், முழங்கால் வலியோடு, இது வேறா. நாலு நாள் தள்ளிப்போட்டார். கடையில் பதிமூன்று பக்கம் மட்டும் நகலெடுத்துக் கொடுத்தார். எட்டுக்கு அப்புறம் பத்து வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் பதறினார்கள். ஒன்பதாம் பக்கம் வரும், பொறுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பேசினார். சுற்றி வளைத்து, அக்கா மனசு நோகாமல், யாருக்கும் வருகிற தப்புதான் என்று தொடங்கி விஷயத்துக்கு வருவதற்குள் அவளே நிறுத்தினாள்.

"ஒன்பதாம் பக்கம்தானே? தெரியும்டா."

பள்ளியில் சேர்ந்த இரண்டாம் வருஷமே தெரியுமாம். கரும்பலகையில் அந்த இரண்டு பெயரையும் எழுதி, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். பிள்ளைகள் டீச்சருக்குத் தலைசுற்றல் என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் முதல் தடவை சேர்த்திருந்த அன்று, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய பக்கம் அது. அன்று சாயங்காலமே தம்பிக்குக் கடிதம் எழுதினாள். கிழித்தாள். மறுபடி எழுதினாள்.

"நீ திரும்ப எழுதுவ, பாஸ் பண்ணுவ, அப்புறம் சிரிச்சிக்கிட்டே சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நீ எழுதவே இல்ல. வருஷம் ஆக ஆக வாய் வரல."

அவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"முப்பத்திரண்டு வருஷமா நான் மக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா" என்றார்.

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. ஆள் வந்திருக்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். கடையில் ஆள் யாரும் வந்திருக்கவில்லை.

அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள். கத்தவில்லை, எதையும் போட்டு உடைக்கவில்லை. பேச்சைக் குறைத்துவிட்டார், அவ்வளவுதான். பிள்ளைகள் வேண்டுமென்றே உயிர் போகிறது, தலை வெடிக்கிறது என்று அவர் காதுபட மிகைப்படுத்திப் பேசிப் பார்த்தார்கள். அவர் எதற்கும் பெயர் சொல்லவில்லை. வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கோபப்படுங்க, வேணாங்கல. சாப்ட்டுட்டுக் கோபப்படுங்க" என்று மனைவி தட்டைத் திரும்ப முன்னால் வைத்தாள். சாப்பிட்டார். பயிற்சி முடித்திருந்தால் எந்த வருஷம் எந்தப் பள்ளியில் சேர்ந்திருப்பேன் என்று அவளிடம் அடுக்கிச் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று அவள் சொல்லாதது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இன்னொன்றையும் அவளிடம் மட்டும் ஒப்புக்கொண்டார். கோபத்துக்கு அடியில், எங்கேயோ, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறதாம். தலையில் சரக்கு இருந்திருக்கிறது.

அக்கா தினமும் கூப்பிட்டாள். இவர் எடுக்கவில்லை.

ஆனால் பரீட்சை வந்துகொண்டிருந்தது. பழைய நகல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ. ஒரு பெரிய தாளில், தன் கையெழுத்தில், கட்டை கட்டையாக எழுதிக் கடை முகப்பில் ஒட்டினார். ‘நோட்ஸ் வாங்கியவர்கள் கவனத்துக்கு. ஒன்பதாம் பக்கத்தில் மெட்டானமி என்று இருப்பதை சினெக்டக்கி என்றும், சினெக்டக்கி என்று இருப்பதை மெட்டானமி என்றும் மாற்றிப் படிக்கவும். பிழை கடைக்காரருடையது.’

அந்தக் கடைசி வரியை எழுதுமுன் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றிருந்தார் என்று தையல்காரர் சொல்கிறார். எழுதிய பிறகு அதைத் திரும்பப் படிக்கவில்லையாம்.

யாரோ ஒரு பிள்ளை அதையும் தன்னிடமிருந்த ஒன்பதாம் பக்கத்தையும் படமெடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். அவர்கள் அக்காமார்களுக்கு, அக்காமார்கள் பழைய வகுப்புக் குழுக்களுக்கு. இரண்டு நாளில் கடைக்கு நரைத்த தலைகள் வர ஆரம்பித்தன. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். பெரிய அலுவலகத்தின் மேலாளராம். "அண்ணா, நான் இருபத்தி மூணு வருஷம் முன்னாடி மாத்தி எழுதிட்டு வந்துட்டேனே, இப்ப என்ன பண்ணட்டும்?" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டார். இன்னொருத்தி பையிலிருந்து தன்னுடைய பழைய நகலையே எடுத்துக் காட்டினாள். மடித்த ஓரமெல்லாம் கிழிந்து, பசைநாடா மஞ்சளாகப் போயிருந்தது. மகள் பிறந்த மருத்துவமனைச் சீட்டோடு சேர்த்து வைத்திருந்தாளாம். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. அந்தக் கையெழுத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லை என்றாள். இவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பெயரையும் பேனாவால் அடித்து மாற்றித் தந்தார். அவர் பேனா அக்காவின் எழுத்தின்மேல் பட்டது அதுவே முதல் தடவை.

படம் ரயிலில் பதினோரு மணி நேரத் தொலைவுக்கும் போய்ச் சேர்ந்தது. அக்காவிடம் படித்த ஒருத்தி, டீச்சர், இந்த நோட்ஸின் கையெழுத்து உங்களுடையது மாதிரியே இருக்கே என்று அனுப்பியிருக்கிறாள். அக்கா கடைசி வரியைப் படித்தாள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினாள்.

மறுநாள் காலை கடைமுன் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அண்ணன் தலைகுனிந்தபடி வாங்கி வாங்கிப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். முறை வந்து ஒரு கை ஒற்றைத் தாளை நீட்டியது.

"எத்தன காப்பி?" என்றார்.

"எத்தன வேணும்னு நீதான் சொல்லணும்."

நிமிர்ந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள். ரயிலில் கசங்கிய புடவை, தோளில் பை, ஒரு கையால் கவுண்டரைப் பிடித்து முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தபடி. எத்தனை நேரமாக வரிசையில் நின்றாளோ. தாள், ஒன்பதாம் பக்கம். புதிதாக, பழைய அளவிலேயே, பழைய வரிக்கணக்கிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். எழுத்து முன்னைப்போல் ஓடவில்லை. அங்கங்கே நடுங்கியிருந்தது. ‘ஐ’க்கு மேலே அதே வட்டம்.

பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "அண்ணா, இவங்கதானா அவங்க?" என்று கேட்டாள். அண்ணன் தலையசைத்தார். அந்தச் செய்தி வரிசை வழியாகத் தெருவரைக்கும் போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில் நின்றிருந்த உயரமான பையன் காதிலிருந்து கருவியைக் கழற்றினான்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. "முன்னாடி ஒட்டியிருக்கிற தாளை எடுத்துடுடா. அது உன் தப்பு இல்ல" என்றாள்.

"நல்லா ஒட்டிக்கிச்சு. வராது" என்றார் அவர்.

இன்னும் ஏதோ சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ரயிலில் பதினோரு மணி நேரமும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததாக இருக்கும். தாளைத்தான் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். அவர் தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தார். வரிசை காத்திருந்தது. அக்கா, விடைத்தாள் திருத்தப்படுவதைப் பார்த்து நிற்கிற பிள்ளைபோல் நின்றாள்.

"சரியா இருக்கு" என்றார்.

கவுண்டர்ப் பலகையைத் தூக்கி அவளை உள்ளே வரச்சொன்னார். தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, ஓரம் பார்த்து நேராக்கி, மூடியை மூடினார். எண்ணிக்கையை நூறு என்று வைத்தார். பிறகு அக்காவின் வலக்கையைப் பிடித்து, அந்தச் சுட்டுவிரலைப் பச்சைப் பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தார். தன் கையை எடுத்துக்கொண்டு, அவள் அழுத்தட்டும் என்று நின்றார்.